உறையாத உருளைகள்

உறைபொருள் கிடங்கில் ஓடும் உருளைக் கன்வேயருக்குக் குளிரைவிடக் குளிரும் வெயிலும் சந்திக்கும் வாசல்தான் பெரிய சோதனை. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வட்டாரத்தில் மே மாத வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். கிடங்குக்குள்ளோ மைனஸ் 18, சில இடங்களில் அதற்கும் கீழே. கதவு திறக்கும்போதெல்லாம் கடற்காற்றின் ஈரம் உள்ளே நுழைந்து உருளைகளில் வெண்படலமாகப் படிகிறது. பெட்டி வழுக்கும், சென்சாரின் கண் மறையும். ஈரம் நீக்கிய இடை அறை ஒன்றை வாசலுக்கு முன் அமைப்பது இதற்காகத்தான்.

பேரிங்கில் சாதாரண கிரீஸ் இருந்தால் குளிரில் அது இறுகி, சரிவில் தானாக உருள வேண்டிய பெட்டி நடுவழியில் நின்றுவிடும். குளிருக்கென்று செயற்கை எண்ணெயில் தயாரிக்கும் கிரீஸ் மைனஸ் 40-இலும் இளக்கமாக இருக்கும். சாதாரண பிவிசி பெல்ட் விறைத்து வெடிக்கும், பாலியூரித்தேன் தாங்கும்.

35 டிகிரியில் பொருத்திய 10 மீட்டர் எஃகுச் சட்டம், மைனஸ் 25-இல் சுமார் 7 மில்லிமீட்டர் குறுகும். அதற்கு இடம் கொடுக்க போல்ட்டுக்கு நீள்துளை போடுவது எளிமையான, அழகான யோசனை. நின்றிருந்த லைனைச் சற்று நேரம் வெறுமனே ஓடவிட்ட பிறகே சுமை ஏற்றுவது நல்லது. பழுதுபார்க்க வெளியே எடுத்த உருளையை நன்றாக உலர்த்தாமல் திரும்ப மாட்டினால், அதில் கோத்த நீர் உள்ளே பனிக்கட்டியாகிப் பேரிங்கைப் பிடித்துக்கொள்ளும்.