புலம்பலுக்கு ஏன் அகரவரிசை?

யூதர்களின் ஆவ் மாதம் 9ஆம் நாள் (திஷா பெஆவ்) பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் நோன்பு விதிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சுமார் 25 மணி நேரம் சோறு தண்ணி கிடையாது. குளியல், தோல் செருப்பு, தாம்பத்தியம் கிடையாது. மனசுக்கு சந்தோஷம் தரும் என்பதால் தோரா படிப்புக்குக்கூடத் தடை. பொ.மு. 586இல் பாபிலோனியரும் பொ.ஆ. 70இல் ரோமரும் அழித்த இரண்டு எருசலேம் ஆலயங்களுக்கான துக்கம் இது.

என்னை இழுத்தது அன்றிரவு ஜெப ஆலயத்தில் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் நூல். தமிழ் பைபிளில் 'புலம்பல்'. ஐந்து அதிகாரம், 154 வசனம்.

எபிரேயத்தில் 22 எழுத்துகள். 1, 2, 4ஆம் அதிகாரங்களில் வசனங்கள் அந்த எழுத்து வரிசைப்படியே தொடங்கும், நம்ம ஆத்திசூடி மாதிரி. 3ஆம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனம், ஆக 66. தமிழில் வாசிக்கும்போது இது கண்ணுக்கே தெரியாது.

முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சொன்னால் துயரம் முழுமையாகிறது என்பது வழக்கமான விளக்கம். எனக்கு இது போதவில்லை. 5ஆம் அதிகாரத்திலும் 22 வசனம்தான், ஆனால் எழுத்து வரிசை இல்லை. முழுமைதான் நோக்கம் என்றால் கடைசியில் ஏன் கைவிட வேண்டும்? டேட்டாபேஸ்காரன் கண்ணுக்கு, இன்டெக்ஸ் போய் வரிசைகளின் எண்ணிக்கை மட்டும் மிஞ்சிய டேபிள் இது.

தாய்மார் பெற்ற பிள்ளைகளையே சமைத்தது 4ஆம் அதிகாரத்தில் வருகிறது. இதைக் கட்டுப்பாடில்லாமல் சொல்ல ஆரம்பித்தால் யாராலும் நிறுத்த முடியாது. ஒரு வசனம் முடிந்ததும் அடுத்த எழுத்து இழுத்துக்கொண்டு போகிறது. படிக்கட்டில் கைப்பிடி மாதிரி. 5ஆம் அதிகாரத்தில் அந்தக் கைப்பிடி இல்லை.

நம்மூர் சபைகளில் 3ஆம் அதிகாரத்தின் நடுவில் உள்ள, காலைதோறும் புதிதாகும் இரக்கம் பற்றிய வசனங்கள்தான் பிரபலம், காலண்டரில்கூட வரும். தனியே பிய்த்தெடுத்தால் அது வெறும் ஆறுதல் மாத்திரை. கவிஞர் அந்த ஆறுதலில் தங்கவே இல்லை. அதே அதிகாரத்தில் மறுபடி அழுகிறார், 4ஆம் அதிகாரம் அதைவிட மோசம்.

முடிவு இன்னும் கடுமை: எங்களை அடியோடு வெறுத்துவிட்டாயோ என்று கடவுளிடமே கேட்பதோடு நூல் நின்றுவிடுகிறது. அதனால் கடைசிக்கு முந்தைய வசனத்தை, எங்களைத் திருப்பிக்கொள் என்ற வேண்டுதலை, எல்லோரும் மறுபடி சொல்லி முடிப்பது வழக்கம். ஏசாயா, பிரசங்கி நூல்களுக்கும் இதே முறை. இதை 'பூசி மெழுகுவது' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கசப்பான வசனத்தை யாரும் நீக்கவில்லை. சத்தமாக வாசித்த பிறகுதான் முந்தையதற்குத் திரும்புகிறார்கள்.

மறுநாள் காலை 'கினோத்' என்னும் பிற்கால ஒப்பாரிகள் தொடரும். 1096இல் ரைன் நதிக்கரை ஊர்களில் சிலுவைப் போராளிகளிடம் மாண்டவர்களுக்கும் அதில் பாடல் உண்டு. அவற்றிலும் பல அகரவரிசையில்தான் கட்டப்பட்டிருக்கின்றன.