பள்ளி: ஒரு சொல்விளக்கத்தின் மறுஆய்வு

கல்விக்கூடத்தைக் குறிக்கும் 'பள்ளி' என்னும் சொல் சமணத்தின் கொடை என்பது ஏறத்தாழ முடிந்த முடிபாகவே இன்று வழங்கிவருகிறது. துறவியர்க்குக் குகையில் வெட்டிய கற்படுக்கை பள்ளி எனப்பட்டது. படுக்கையால் குகை அப்பெயர் பெற்றது. துறவியர் ஆங்குச் சிறார்க்கு எழுத்தறிவித்தமையால் கல்விக்கூடத்திற்கும் அது பெயராயிற்று என்பர். அழகான வரிசைதான். ஆயின் சான்றுகள் இவ்வரிசையில் நிற்பதில்லை.

மதுரையை அடுத்த மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, நெடுஞ்செழியனின் பணியாளன் ஒருவன் துறவிக்கு அமைத்துக் கொடுத்ததைப் பள்ளி என்கிறது. ஐராவதம் மகாதேவன் இதற்கு உறைவிடம் என்றே பொருள் கொள்கிறார். சொல் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நிலையிலேயே படுக்கையைக் கடந்து நிற்கிறது.

மதுரைக்காஞ்சி தரும் சான்று இன்னும் கூர்மையானது. அந்நூல் மதுரையில் பௌத்தர், அந்தணர், சமணர் ஆகிய மூவர் இடங்களையும் அடுத்தடுத்து வருணிக்கிறது. பௌத்தர்க்கு உரியதும் பள்ளி. அந்தணர்க்கு உரியதும் பள்ளி. சமணரின் இடத்தை மட்டும் புலவர் 'சேக்கை' என்கிறார். உரையாசிரியர் அதனை அமண்பள்ளி என்று விளக்கியதால் இவ்வேறுபாடு பலர் கண்ணில் படாமலே போயிற்று. சேக்கை என்பதற்கும் படுக்கை, தங்குமிடம் என்னும் இரு பொருளும் உண்டு. தங்குதலும் கிடத்தலும் ஒரு சொல்லில் இணைவது தமிழில் இயல்பு. அதற்குக் குகையும் வேண்டுவதில்லை, துறவும் வேண்டுவதில்லை. இறைவனின் பள்ளியெழுச்சியும், ஆற்றூர்த் துஞ்சிய அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் முதலாம் இராசராசன் எடுத்த பள்ளிப்படையும் இப்பொதுப்பொருளிலேயே அமைவன.

சோழர் காலத்தில் இச்சொல்லுக்குச் சமயச் சார்பு வலுத்தது என்பதை மறுக்க இயலாது. சமண, பௌத்த நிறுவனங்களுக்கு விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை வழங்கிய லெய்டன் செப்பேடும், திருகோணமலைப் பகுதியின் வெல்கம் விகாரையை இராசராசப் பெரும்பள்ளி என்னும் கல்வெட்டுகளும் இவ்வழக்கிற்குச் சான்று. எனினும் கி.பி. 849இல் கொல்லத்துக் கிறித்தவர் தேவாலயம் தரிசாப்பள்ளி என்றே செப்பேட்டில் இடம்பெறுகிறது. மலையாளத்தில் தேவாலயமும் மசூதியும் இன்றும் பள்ளியே. தமிழ் முசுலிம்களுக்குப் பள்ளிவாசல். புதிதாக வந்த ஒவ்வொரு சமயமும் தயக்கமின்றி எடுத்துக்கொண்ட சொல்லை ஒரு சமயத்தின் தனியுடைமை எனல் பொருந்தாது.

கல்விக்கூடம் என்னும் பொருளுக்குத் திருமங்கையாழ்வாரின் பாசுரம் ஒன்று பழைய சான்றாகிறது. பள்ளியில் ஓதிவிட்டு வீடு திரும்பும் பிரகலாதனைத் திருவல்லிக்கேணிப் பதிகத்தில் அவர் பாடுகிறார். நாகப்பட்டினத்துப் பொற்புத்தர் சிலையைக் கவர்ந்தவர் என்று வைணவ மரபே கூறும் ஆழ்வார் இவர். இரணியன் மகன் படித்த இடத்திற்கு இச்சொல்லை ஆளுகையில் அதில் புறச்சமய வாடை எதனையும் அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. துறவியர் கற்பித்திருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குத் தனிச் சான்று வேண்டும், சொல்லே சான்றாகிவிடாது.

இது அகராதியோடு முடியும் வழக்கன்று. ஊர்ப்பெயரில் பள்ளி என்னும் ஈறு இருப்பதை மட்டும் கொண்டு, ஆங்கு இருந்த சமணப் பள்ளியைப் பிற்காலத்தார் அழித்தனர் என எழுதும் போக்கு வளர்ந்துள்ளது. கன்னடத்தில் 'ஹள்ளி'யும் தெலுங்கில் 'பல்லெ'யும் சிற்றூரையே குறிக்கும். கிருட்டிணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளியைக் கன்னடம் பேசுவோர் வேப்பனஹள்ளி என்பர். ஆங்குத் துறவியரைத் தேடவேண்டியதில்லை. திருச்சிராப்பள்ளியின் நிலை வேறு. அதன் குன்றில் கல்லில் வெட்டிய படுக்கைகளே உள்ளன. அவ்வூரின் சமணத்தொடர்பை நிறுவுவன அப்படுக்கைகளேயன்றிப் பெயரின் ஈறு அன்று.