வினாச்சொல் நிற்கும் இடம்: இல்ஃபோர்ட் தமிழை முன்வைத்து ஒரு மதிப்பீடு

மொழிகள் வினாச்சொல்லை வாக்கியத்தில் எங்கே நிறுத்துகின்றன என்னும் ஒப்பாய்வுக்கு ஜோசப் கிரீன்பெர்க் 1963இல் வெளியிட்ட மொழிப் பொதுமைகள் அடித்தளமாயின. வினையை முதலிற் கொண்ட மொழிகள் வினாச்சொல்லை முன்னிறுத்தும். வினை இறுதியில் வரும் மொழிகளில் அவ்வாறான மாறா விதி இல்லை என்பது அவருடைய பன்னிரண்டாம் பொதுமை. இது தமிழுக்குப் பொருந்தும். ஆயினும் தமிழ் எதைச் செய்வதில்லை என்பதையே அது கூறுகிறது. பின்வந்த ஆக்கமுறை இலக்கணத்தார் தமிழை ‘வினாச்சொல் நகரா மொழி’ என வகுத்ததும் இத்தகைய எதிர்மறை வரையறையே. அது போதாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கிழக்கு இலண்டனின் இல்ஃபோர்ட்டில் ஆங்கிலம், ருமேனியம், உருது, தமிழ் ஆகியவை அருகருகே வழங்குகின்றன. ‘நீ யாருக்கு எதைக் கொடுத்தாய்?’ என்பதை ஆங்கிலத்தில் வினவுவோர் ஒரு வினாச்சொல்லை மட்டும் முன்னே கொணர்வர். ருமேனியத்தில் இரண்டும் முன்னே செல்லும். உருதுவிலும் தமிழிலும் இரண்டும் வினைக்கு முன் நிற்பதே இயல்பு. ஏறத்தாழ 900 மொழிகளை வகைப்படுத்திய மாத்யூ டிரையரின் கணக்கில், வினாச்சொல்லைக் கட்டாயமாக முன்னிறுத்துபவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே ஆங்கில முறையை இயல்பென்றும் பிறவற்றை அதன் குறையென்றும் கொள்ள இடமில்லை.

ஆயினும் ஜேம்ஸ் ஹுவாங் 1982இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, சீன வினாச்சொல் நகராததுபோல் தோன்றினும் பொருள்நிலையில் கண்ணுக்குப் புலனாகாமல் நகர்கிறது என வாதிட்டது. இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ‘யார் எழுதிய நூலைப் படித்தாய்?’ என்பது நல்ல தமிழ். ஆங்கிலத்தில் இதனை அவ்வாறே அமைக்க இயலாது. ஆனால் ‘யார்’ நிற்கும் அவ்விடத்தில் ‘ஏன்’ என்பதை வைத்து எழுதியதற்குக் காரணம் வினவ முயன்றால் தொடர் சிதைகிறது. வினாச்சொற்களுக்குள்ளேயே இவ்வேறுபாடு இருப்பதை ஹுவாங்கின் கொள்கை விளக்குகிறது. எனினும் வினாச்சொல் வெளிப்படையாக நிற்கும் இடங்கள் ஒவ்வொன்றும் என்ன பொருள் தருகின்றன என்பதற்கு அதில் விடையில்லை.

தமிழ் மரபிலும் இதற்கு முழுவிடை கிடைப்பதில்லை. நன்னூல் வினாவெழுத்துகளைச் சொல்லின் முதலில் வருவன, ஈற்றில் வருவன, இரண்டிடத்தும் வருவன எனப் பிரிக்கிறது. வினாவின் நோக்கத்தை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாக்குகிறது. சொல்லினுள் எழுத்தின் இடத்தைக் கூறிய நூல், வாக்கியத்தினுள் சொல்லின் இடத்தைக் கூறவில்லை. ஆனால் அது ஒரு திறவுகோலைத் தருகிறது: தமிழில் வினாத்தன்மையை எழுத்தே சுமக்கிறது. ஆகவே இடம் வேறொரு பணிக்கு விடுபடுகிறது.

‘நீ எங்கே போகிறாய்?’ என்பது பொதுவினா. ‘நீ போவது எங்கே?’ என்பது போவதை அறிந்தபின் இடத்தை மட்டும் கேட்பது. ‘யாரை அம்மா கூப்பிட்டார்?’ என்பது ஆளையே அழுத்திக் கேட்பது. கேட்பவர் முன்னரே எதை அறிவார் என்பதை வினாச்சொல்லின் இடம் காட்டுகிறது.

இல்ஃபோர்ட்டில் வாழும் ஈழத்தமிழரின் யாழ்ப்பாண வழக்கு இதனை வினைவடிவிலேயே காட்டுகிறது. ‘நேற்று வந்தீங்களோ?’ என்பது வருகையை வினவுகிறது. ‘நேற்றோ வந்தனீங்கள்?’ என்பது வருகையை ஏற்று நாளை வினவுகிறது. ‘எப்ப வந்தனீங்கள்?’ என்பதிலும் அவ்வடிவமே இயல்பாக வருகிறது. வினாச்சொல் வினைக்கு முன்னே நிற்க, அறிந்ததையும் அறியாததையும் வினை பிரிக்கிறது. சிங்களத்தின் ‘ஓயா கியே கொஹேத?’ என்னும் வினாவிலும் ‘கியே’ என்பது இத்தகைய தனி வடிவமே. ஆனால் அங்கே வினாச்சொல் வினைக்குப் பின் நிற்கிறது. இவ்வொற்றுமை இலங்கை மொழிகளை ஒருங்கே ஆராய வேண்டிய தேவையை உணர்த்துகிறது.

இதன் பயன் கோட்பாட்டோடு நிற்பதன்று. புலம்பெயர் பிள்ளை ‘யாரை அம்மா கூப்பிட்டா?’ என்றால், அதை ஆங்கிலத் தாக்கமெனத் திருத்துவது தவறு. அது தமிழ் இடந்தரும் தொடரே. எல்லா வினாக்களுக்கும் அந்த ஓரிடத்தையே பிள்ளை கையாளும்போதுதான் இழப்பு தொடங்குகிறது. அவ்வாறே, ‘வந்தனீங்கள்’ என்பதைக் கொச்சையென்று அடித்து ‘வந்தீர்கள்’ என எழுதப் பழக்கும் ஆசிரியர், எழுத்து நடையைக் கற்பிப்பதாக எண்ணி ஓர் இலக்கண வேறுபாட்டையே அழிக்கிறார். இரு வடிவங்களையும் அவற்றின் பொருளோடு கற்பிப்பதே முறை. வீட்டில் பிள்ளை கேட்டு வளர்ந்த அவ்வேறுபாடு, வகுப்பறையில் பிழையாக எண்ணப்படலாகாது.