நிலைத்த வாசகரும் உள்ளடக்க நெறியும்: ‘எழுத்து’ இதழ் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

சி. சு. செல்லப்பா ஆசிரியராக இருந்து நடத்திய ‘எழுத்து’ (1959–1970) புதுக்கவிதையின் களமாகவும் திறனாய்வின் களமாகவும் பலமுறை ஆராயப்பட்டுள்ளது. தனக்கென அமைந்த சிறிய வாசகர் வட்டத்தோடு அவ்விதழ் கொண்ட உறவு தனித்து நோக்கப்படுவது குறைவு. அவ்வுறவை ஆழப்படுத்திய உள்ளடக்கம் எத்தகையது, அந்த நெருக்கம் இதழுக்கு எதைத் தந்தது, எதை மறுத்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வாசகரின் விருப்பத்தை நிறைவுசெய்வதைவிட அவரிடம் உழைப்பைக் கோரியதே அவ்வுறவின் அடிப்படை என்பதும், அக்கோரிக்கையே பின்னர் வட்டத்தின் எல்லையாகவும் மாறியது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: எழுத்து, சி. சு. செல்லப்பா, சிற்றிதழ், வாசகர், புதுக்கவிதை, அலசல் விமர்சனம்.

முன்னுரை

இதழொன்று தன் வாசகரைத் தக்கவைத்துக்கொள்ள இரு வழிகள் உண்டு. வாசகர் எதிர்பார்ப்பதைத் தவறாது அளிப்பது ஒன்று. வாசகரின் எதிர்பார்ப்பையே படிப்படியாக உயர்த்துவது மற்றொன்று. முதல் வழியைத் தமிழ் வார இதழ்கள் தொடர்கதையின் வாயிலாகச் செம்மையுறக் கையாண்டன. ‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ இதற்குத் தக்க சான்று. கதையை உரிய இடத்தில் நிறுத்தி அடுத்த வாரத்திற்காகக் காத்திருக்கச் செய்யும் உத்தி, குடும்பம் முழுவதையும் இதழோடு பிணைத்தது. அப்பிணைப்பின் வலிமை மறுக்கத்தக்கதன்று. ஆயினும் அதில் வாசகரின் பங்கு காத்திருப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இரண்டாம் வழியைத் தெரிந்தே தேர்ந்துகொண்ட இதழ் ‘எழுத்து’.

எண்ணிக்கைக்கு இட்ட வரம்பு

1959 ஜனவரியில் தொடங்கப்பட்ட ‘எழுத்து’, இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துக்கொண்டது. விற்பனை அந்த வரம்பை எட்டவில்லை என்பதால் இவ்வறிவிப்பை வெறும் வீம்பாகக் கொள்வோரும் உளர். எனினும் அதன் பயன் வணிகக் கணக்கில் இல்லை. யாருக்காக எழுதப்படுகிறது என்பதை எழுதுவோருக்கும் படிப்போருக்கும் அது ஒருசேர உணர்த்தியது. அனைவருக்கும் ஏற்றதை எழுதும் கட்டாயத்திலிருந்து எழுதுவோர் விடுபட்டனர்; சந்தா செலுத்தியவர், பொருளை வாங்கியவர் என்ற நிலையிலிருந்து ஒரு முயற்சியில் பங்கு கொண்டவர் என்ற நிலைக்கு உயர்ந்தார். செல்லப்பா நூற்கட்டுகளைத் தாமே சுமந்து கல்லூரிகளுக்குச் சென்று விற்ற செய்தி இலக்கிய உலகில் நன்கறியப்பட்டது. அதனைத் தியாக வரலாறாக மட்டும் காண்பது போதாது. வாசகரை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்க்கும் அணுகுமுறையின் தொடர்ச்சி அது.

உழைப்பைக் கோரிய உள்ளடக்கம்

இவ்வணுகுமுறை உள்ளடக்கத்தில் மூன்று வகையாக வெளிப்பட்டது.

முதலாவது, பழைய படைப்பைப் புதிய வினாவாக முன்வைத்தல். ‘மணிக்கொடி’ காலத்தில் வசன கவிதை எழுதிய ந. பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ முதல் இதழில் மறுபதிப்பாக இடம்பெற்றது. யாப்பை விட்ட கவிதைக்கு இனியும் வாழ்வுண்டா என்ற வினா அதன்வழி வாசகர்முன் வைக்கப்பட்டது. பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி எழுதிய ‘உன் கை நகம்’ அதே ஆண்டில் வெளிவந்தது. பின்னர் எஸ். வைதீஸ்வரன், சி. மணி முதலியோரின் கவிதைகள் தொடர்ந்தன. மறுபதிப்பு ஒன்றைக் கண்டு விடைகூற முன்வந்த தலைமுறையாக இவர்களைக் கருதலாம். 1962இல் இருபத்து நான்கு கவிஞர்களின் ஆக்கங்களைத் தாங்கி வந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு, அவ்வினா ஈட்டிய விடைகளின் திரட்டாகும்.

இரண்டாவது, தொடர்கதையின் இலக்கணத்தை மாற்றுதல். செல்லப்பாவின் ‘ஜீவனாம்சம்’ நாவல் ‘எழுத்து’ இதழில் தொடராக வந்தது. கணவனை இழந்த சாவித்திரியின் மனவோட்டத்தில் நிகழும் இந்நாவலில், அடுத்து என்ன நேருமோ என்ற பதைப்புக்கு இடமில்லை. நிகழ்ச்சியைத் துரத்தாமல் ஒரு மனத்தின் அசைவுகளைத் திங்கள்தோறும் பின்தொடரும் பொறுமையை அது வாசகரிடம் வேண்டி நின்றது. வார இதழ்கள் பழக்கிய அதே வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு நேர்மாறான வாசிப்பைப் பழக்கிய செயல் இது.

மூன்றாவது, திறனாய்வைத் திறந்த வழக்காக நடத்துதல். படைப்பின் சொல்லையும் அமைப்பையும் பகுத்து நோக்கும் அலசல் விமர்சனத்தைச் செல்லப்பா வலியுறுத்தினார். தேர்ந்த ரசனையின் தீர்ப்பே போதுமென்பது க. நா. சுப்ரமண்யத்தின் நிலைப்பாடு. இவ்விரு நிலைப்பாடுகளின் மோதலில் முடிவு முன்கூட்டித் தரப்படவில்லை. எனவே வாசகர், தரப்பட்ட தீர்ப்பை ஏற்பவராக இருக்க இயலாமல், சான்றுகளைத் தாமே எடைபோட வேண்டியவரானார்.

வாசகர் எழுத்தாளரான நிலை

இவ்வுறவின் ஆழத்தைச் சந்தா எண்ணிக்கை காட்டாது. இதழின் பக்கங்களில் புதிதாகத் தோன்றிய பெயர்களே காட்டும். இலங்கையின் திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமு அப்போது இருபது வயதைக் கடந்த இளைஞர். பிற்காலத்தில் பிரமிள் என்று அறியப்பட்ட அவர், கவிதையோடு திறனாய்வும் எழுதினார். வடநாட்டில் அரசுப் பணியில் இருந்த வெங்கட் சாமிநாதன், அன்றைய தமிழ்ச் சூழலின் வறட்சியைக் கடுமையாகச் சாடும் குரலாக இவ்விதழின் வழியாகவே அறிமுகமானார். சென்னையின் இலக்கியக் கூட்டங்களுக்கு எட்டாத தொலைவில் இருந்த இருவரையும் மையத்திற்குக் கொணர்ந்தது அஞ்சலில் சென்ற ஒரு சிறு இதழ். ஆசிரியரோடு முரண்படும் உரிமையும் அந்த உறவில் அடங்கியிருந்தது. இசைவை மட்டும் வேண்டும் இதழுக்கு அடியவர் கிடைப்பர். எதிர்வினையை வேண்டும் இதழுக்கே எழுத்தாளர் கிடைப்பர் என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

நெருக்கத்தின் விலை

மேற்கண்ட சிறப்புகளைக் கூறி அமைவது முழுமையான மதிப்பீடாகாது. நெருக்கம் மிகுந்த வட்டத்தில் பொதுவான கலைச்சொற்களும் முந்தைய வாதங்களின் நினைவும் உருவாகின்றன. உள்ளிருப்போருக்கு அவை உறவின் அடையாளம்; புதிதாக வருவோருக்கோ தடைச்சுவர். மூன்றாம் ஆண்டில் நடக்கும் விவாதத்தில் நுழைய முதலாண்டின் இதழ்களைப் படித்திருக்க வேண்டும் என்ற நிலை, வாசகர் பரப்பை இயல்பாகவே சுருக்கும். படைப்பின் வடிவம் பற்றிய கூர்மையான அக்கறை, சமூக வினாக்களை முதன்மையாகக் கருதிய வாசகரை வெளியே நிறுத்தியது என்ற குற்றச்சாட்டும் புறந்தள்ளத்தக்கதன்று.

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. வாசகரை எழுத்தாளராக வளர்க்கும் இதழ், வளர்ந்தவர் தமக்கான களத்தைத் தேடுவதைத் தடுக்க இயலாது. 1968இல் சி. மணி ‘நடை’ இதழைத் தொடங்கினார். 1970இல் அடுத்த தலைமுறையின் ‘கசடதபற’ தோன்றியது. இறுதிக் காலத்தில் காலாண்டிதழாக மாறிய ‘எழுத்து’, 119 இதழ்களோடு 1970இல் நின்றது. நிலைத்த வாசகரைப் பெருக்கிக்கொள்வதே நோக்கமென்றால் இது தோல்வி. வாசகரைத் தன்னிடமே நிறுத்திவைக்காமல் தகுதியுடையவராக்கி அனுப்புவதே நோக்கமென்றால், இதழ் நின்றதும் அதன் பணியின் ஒரு பகுதியே.

இவ்விரண்டாம் விளக்கம் ஆறுதலாகத் தோன்றினும் அதையும் எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும். எழுத வந்தவர்கள் வரலாற்றில் பெயரோடு நிற்கின்றனர். எழுதாமல், பதினோராண்டு படித்து மட்டும் வந்த சந்தாதாரரைப் பற்றி இலக்கிய வரலாறுகள் பேசுவதில்லை. படைப்பாளராக மாறாத வாசகருக்கும் இதழுக்கும் இடையிலான உறவு எத்தகையது என்பதைக் கணக்கிடாத எந்த மதிப்பீடும், வாசகர் வரலாற்றை எழுத்தாளர் வரலாறாகவே மீண்டும் எழுதுகிறது.

முடிவுரை

நிலைத்த வாசகரோடு கொள்ளும் உறவு, அவரது விருப்பத்தை அறிவதால் தொடங்கலாம். ஆழமாவது அவரது ஆற்றலை நம்புவதால். மறுபதிப்பை வினாவாக்கியும், தொடர்கதையின் பதைப்பை நீக்கியும், திறனாய்வை முடிவுறாத வழக்காக வைத்தும் ‘எழுத்து’ அந்நம்பிக்கையைச் செயற்படுத்தியது. அதன் வட்டம் குறுகியது என்பதும், அவ்வட்டத்திலிருந்து கிளைத்தவை தமிழ்க் கவிதையின் போக்கையே மாற்றின என்பதும் ஒருங்கே உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்காத ஆய்வே, பேசாத சந்தாதாரரையும் உள்ளடக்கிய சிற்றிதழ் வரலாற்றுக்கு வழிவகுக்கும்.