அறிந்த கதையும் அரங்கின் கடனும்: ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ இசை நாடகம் குறித்த பார்வையாளர் மதிப்பீடுகள்

ஆய்வுச் சுருக்கம்

அசைவூட்டத் திரைப்படங்களைத் தழுவிய இசை நாடகங்கள் ஏமாற்றம் தரும்போது, பார்வையாளர் கூறும் குறைகளைத் திரைப்படப் பற்றின் விளைவு என்று ஒதுக்கும் போக்கு திறனாய்வில் உண்டு. 2008ஆம் ஆண்டு நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் நிகழ்ந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ நாடகத்தை முன்வைத்து இப்போக்கை இக்கட்டுரை மறுக்கிறது. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரம் அறிந்த ஸ்பெஷல் நாடகம், அரையர் சேவை ஆகிய இரு நிகழ்த்து மரபுகளிலிருந்து இதற்கான அளவுகோல் பெறப்படுகிறது.

திறவுச் சொற்கள்: இசை நாடகம், தழுவல், பார்வையாளர் ஏற்பு, ஸ்பெஷல் நாடகம், அரையர் சேவை.

முன்னுரை

தமிழில் மேடையிலிருந்து திரைக்குச் சென்ற வழியே பழையது. ‘பவளக்கொடி’ நாடகத்தில் இணைந்து நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் 1934இல் அது படமானபோது அதிலும் நடித்தனர். அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம் இதற்கு எதிர்த்திசையில் ஒரு பெருவழியை அமைத்தது. ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ 1994இலும் ‘தி லயன் கிங்’ 1997இலும் அசைவூட்டப் படத்திலிருந்து பிராட்வே மேடைக்கு வந்தன. 2015இல் டிஸ்னி இந்தியா ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ நாடகத்தை மும்பையில் நிகழ்த்திய பிறகு, இவ்வகைத் தழுவலை எவ்வாறு மதிப்பிடுவது என்பது நம் அரங்கியல் ஆய்வுக்கும் உரிய வினாவாகிவிட்டது.

நாடகமும் அதன் வரவேற்பும்

1989இல் வெளிவந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தின் பாடல்களுக்கு ஆலன் மென்கன் இசையமைத்தார். ஹோவர்ட் ஆஷ்மன் பாடல் வரிகளை எழுதினார். ஆஷ்மன் 1991இல் மறைந்தார். மேடை வடிவத்திற்கான புதிய பாடல்களை மென்கனுடன் இணைந்து கிளென் ஸ்லேட்டர் எழுதினார். உரையாடல் டக் ரைட்டுடையது. ஆப்பெரா இயக்கத்தில் பெயர்பெற்ற பிரான்செஸ்கா ஜாம்பெல்லோ இயக்கினார். நாடகம் 2008 சனவரி 10 அன்று அரங்கேறி, 2009 ஆகஸ்ட் 30 வரை 685 காட்சிகள் நடைபெற்றது.

குழந்தைகளுடன் வந்த குடும்பங்கள் இந்நாடகத்தை ஓரளவு தாங்கிப் பிடித்தன எனினும், இதழ்த் திறனாய்வாளர்களுள் பலர் மனநிறைவு கொள்ளவில்லை. நீந்துவதைக் காட்ட நடிகர்கள் குதிகாலில் சக்கரம் பொருத்திய காலணி அணிந்து மேடையில் வழுக்கிச் சென்றதும், பளபளக்கும் காட்சியமைப்பும் குறைகளாகச் சுட்டப்பட்டன. ஏரியலாக நடித்த சியரா போகஸின் குரல் பாராட்டப்பட்டது.

முரண்பட்ட இரு குறைகள்

இத்தகைய தழுவல்கள் குறித்து எழும் மனக்குறைகளை இரு வகையுள் அடக்கலாம். ‘படத்தில் இருந்தது மேடையில் இல்லை’ என்பது ஒன்று. ‘படத்தையே மேடையில் மீண்டும் காட்டுகிறார்கள்’ என்பது மற்றொன்று. ஒரே நாடகம் படத்தைவிட்டு விலகியதாகவும் படத்தோடு ஒட்டிக்கொண்டதாகவும் பழிக்கப்படுகிறது. இம்முரணைக் காட்டியே பார்வையாளர் கருத்தைத் தள்ளிவிடுவது எளிது. இரண்டும் ஒரே குறையின் இருமுகங்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஏரியலின் கதையைக் கொண்டு இதை விளக்கலாம். கால்களைப் பெறுவதற்காகக் கடற்கன்னி தன் குரலை விற்கிறாள். திரைப்படத்தில் அதன்பின் அவள் பாடுவதில்லை. ஓவியர் வரைந்த கண்ணும் கையும் அவளது பேச்சாகின்றன. மேடையிலோ குரலிழந்த ஏரியல் இரண்டாம் பகுதியிலும் தன் மனத்துள் பாடுவதாகப் பாடல்கள் அமைக்கப்பட்டுள்ளன. கதைப்படி அவள் ஊமை. காதுக்கு அவள் பாடகி. அவள் கொடுத்த விலை பார்வையாளர் செவியில் விலையாகவே படுவதில்லை. திரையில் கோட்டோவியம் ஏற்றிருந்த பணியை மேடையில் நடிகையின் உடல் ஏற்றிருக்க வேண்டும். அப்பணியில் நீந்துதல் சக்கரக் காலணிக்கும், மௌனம் புதிய பாடல்களுக்கும் போய்விட்டன. படத்தில் இருந்தது இல்லை என்பவர் இந்த இழப்பைச் சொல்கிறார். படத்தையே காட்டுகிறார்கள் என்பவர், இழந்த இடத்தை அரங்கு தனக்கே உரிய ஒன்றால் நிரப்பவில்லை என்கிறார்.

ஸ்பெஷல் நாடகம் தரும் அளவுகோல்

கதையை முன்பே அறிந்திருப்பதால்தான் ஏமாற்றம் பிறக்கிறது என்ற வாதத்தைத் தென்தமிழகத்தின் மேடை மரபு ஏற்காது. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) ‘வள்ளி திருமணம்’ கோயில் திருவிழாக்களில் இரவு தொடங்கி விடியும்வரை நடைபெறுகிறது. வேலன் வேங்கை மரமாவதும் யானை வருவதும் கூட்டத்தில் இருக்கும் சிறுவருக்கும் தெரிந்தவை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பந்தமாகி, கூட்டு ஒத்திகையின்றி அன்றிரவு மேடையில் சேர்கின்றனர். எனவே வேலனுக்கும் வள்ளிக்கும் நிகழும் தர்க்கம் எந்த ஊரிலும் ஒன்றுபோல் அமைவதில்லை. ‘அடுத்து என்ன நடக்கும்’ என்பதை விட்டு, ‘இவர்கள் இன்று அதை எப்படி நடத்துவார்கள்’ என்பதையே கூட்டம் எதிர்நோக்குகிறது. தர்க்கம் தளர்ந்தால் அதன் கவனமும் கலைந்துவிடும்.

இம்மேடையில் திரைப்படப் பாடல்கள் ஒலிப்பதை மரபின் சிதைவாகக் கருதும் ஆய்வுகள் நம்மிடையே உண்டு. பபூன் பகுதியில் திரையிசை மெட்டை ஏற்று மகிழும் அதே கூட்டம், தர்க்கத்தில் சொல்வன்மையை எதிர்பார்க்கிறது. திரையிசை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்னும் தெளிவு அதற்கு உண்டு. ரசனை கெட்ட கூட்டம் என்று இதை ஒதுக்குபவர்களும், பிராட்வேப் பார்வையாளரைப் பழைய நினைவில் மூழ்கியவர் என்று ஒதுக்குபவர்களும் ஒரே தவற்றைச் செய்கின்றனர்.

கடலை மேடையில் காட்டுதல்

கடல் மேடைக்கு அடங்காது. ஆகவே இந்நாடகத்தின் தோல்வி தவிர்க்க இயலாதது என்று வாதிடலாம். திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் இன்றும் வாழும் அரையர் சேவை இதற்கு விடை தருகிறது. குல்லாய் அணிந்து கையில் தாளம் ஏந்திய அரையர், முத்துக்குறியில் தலைவியாகவும் தாயாகவும் கட்டுவிச்சியாகவும் தாம் ஒருவரே மாறுகிறார். ஒப்பனை மாறுவதில்லை; குரலும் அபிநயமும் மாறுகின்றன. திருவரங்கத்தில் பாற்கடல் கடைந்த கதையும் அரையரின் அபிநயத்தில் நிகழ்கிறது. அங்கே அலையைக் காட்ட ஒரு துணித்திரையும் வேண்டியதில்லை. சமயச் சடங்கையும் வணிக அரங்கையும் ஒரே தட்டில் நிறுக்க இயலாது. எனினும் காணாத கடலை உடலால் காண வைக்கலாம் என்பதற்கு இச்சான்று போதும்.

டிஸ்னியின் மேடையிலேயே இதற்குச் சான்றுண்டு. ‘தி லயன் கிங்’ நாடகத்தில் இயக்குநர் ஜூலி டேமர் சிங்கத்தின் முகமூடியை நடிகரின் தலைக்கு மேல் அமைத்தார். விலங்கும் மனிதரும் ஒருசேரத் தெரிகின்றனர். ஒட்டகச்சிவிங்கியாக வருபவர் பொய்க்கால்களில் நடப்பது மறைக்கப்படுவதில்லை. படத்தை நன்கறிந்த பார்வையாளர் இவ்விலகலை உவந்து ஏற்றனர். 1998இல் இசை நாடக இயக்கத்திற்கான டோனி விருதைப் பெற்ற முதல் பெண் என்ற சிறப்பும் டேமருக்குக் கிட்டியது.

ஒரு மறுப்பு

‘தி லிட்டில் மெர்மெய்ட்’ 2012இல் நெதர்லாந்தில் கிளென் கேசலின் இயக்கத்தில் மாற்றியமைக்கப்பட்டது. சக்கரக் காலணி நீங்கியது. நடிகர்கள் கம்பியில் தொங்கி நீந்தினர். பாடல்களிலும் மாற்றம் நேர்ந்தது. கம்பியில் மிதப்பது திரைப்படக் காட்சிக்கே நெருக்கமானது. எனவே படம்போல் இருப்பதைத்தான் பார்வையாளர் விரும்புகின்றனர் எனலாம். இம்மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் சக்கரம் உருளும்போது உடல் நின்றபடியே நகர்கிறது. கம்பியில் தொங்கும்போது இடையும் தோளும் கையும் நீந்த வேண்டும். மூச்சை அடக்கிப் பாடவும் வேண்டும். ஒப்புமை கூடியது உண்மையே. அதைவிட நடிகரின் உழைப்பு கண்முன் வந்தது முதன்மையானது.

முடிவுரை

தழுவல் மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்ற வினா, பார்வையாளரின் ஏமாற்றத்தை விளக்கப் போதாது. மூல ஊடகம் செய்த பணியை அரங்கில் யார், எதனால் செய்கிறார் என்பதே கேட்கத்தக்க வினா. ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ நாடகத்தின் முதல் வடிவம் இவ்வினாவின்முன் தடுமாறியது. கலைச்சொற்கள் இன்றி, சில வேளைகளில் முரண்பட்ட சொற்களில் கூறினாலும், பார்வையாளர் அந்தத் தடுமாற்றத்தையே சுட்டினர். வள்ளியின் கதையை ஆண்டுதோறும் புதிதாகக் கேட்கும் இவ்வட்டாரக் கூட்டத்திற்கு இந்த அளவுகோல் பழக்கத்தால் கைவந்தது. ஸ்பெஷல் நாடகம் பற்றிய கள ஆய்வுகள் கலைஞரின் வாழ்க்கை வரலாற்றோடு நின்றுவிடாமல், எந்த இடத்தில் கூட்டம் அமைதியாயிற்று, எந்த இடத்தில் எழுந்து சென்றது என்பவற்றையும் முறையாகப் பதிவு செய்ய வேண்டும். அப்பதிவுகள் திரண்டால், தழுவலை அளக்கும் கோல் நம் மேடையிலிருந்தே கிடைக்கும்.