நமக்காக ஏலம் கேட்கும் கட்டம்

உரியவர் வந்து எடுக்காமல் துறைமுகக் கிடங்கில் தங்கிப்போன சரக்கும், கழித்துக்கட்டிய இயந்திரங்களும், துருவேறிய தகடுகளும் கூடத்தில் பலர் கூடிக் கூவிக்கேட்டு விலைபோன காலம் மறைந்து, கடையில் உட்கார்ந்தபடியே கணினித் திரையில் ஏலம் கேட்கும் வழக்கம் வந்து பல வருஷங்களாகிவிட்டபோதிலும், அந்தத் திரையில் எல்லோர் கண்ணிலும் படும்படியாகவே இருக்கும் ஒரு சிறு கட்டத்தின் அருமையைத் தூத்துக்குடி வியாபாரிகளில் அநேகர் இன்னும் உணரவில்லை என்பதே என் அபிப்பிராயம். பழைய இரும்புக் கடை நடத்தும் என் மைத்துனருக்குத் துணையாகச் சில மாதங்களாக எம்.எஸ்.டி.சி. என்னும் அரசு நிறுவனத்தின் ஏலத்தளத்தில் பழகிவருகிறேன். பதிவு செய்துகொள்வது, டிஜிட்டல் கையொப்பம் வாங்குவது, ஏலத்துக்கு முன்பே ஈ.எம்.டி. என்னும் வைப்புத்தொகை கட்டுவது ஆகிய விவரங்கள் இத்தொழிலில் இருப்போருக்கு மனப்பாடமாதலால் அவற்றை விரிக்கப் போவதில்லை. நான் சொல்ல வந்தது 'ஆட்டோ பிட்' என்று எல்லோரும் குறிப்பிடும் அந்த ஒரு வசதியைப் பற்றித்தான்.

அதன் இயக்கம் மிக எளிது. ஒரு லாட்டுக்கு, அதாவது ஒன்றாக ஏலம் விடப்படும் சரக்குத் தொகுதிக்கு, நான் கொடுக்கச் சித்தமாயிருக்கும் உச்சவிலை ஐந்து லட்சம் ரூபாய் என்று அந்தக் கட்டத்தில் எழுதிவைத்தால், அத்தொகை மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. எவரேனும் விலையை ஏற்றும்போதெல்லாம், அவரைத் தாண்டுவதற்குத் தேவையான ஒரு படியை மட்டும் தளமே எனக்காக ஏற்றிக் கேட்கிறது. எதிராளி 4,20,000 ரூபாயோடு நின்றுவிட்டால், ஒரு படி 5,000 ரூபாய் என்று விதிக்கப்பட்டிருக்கும் ஏலத்தில், 4,25,000 ரூபாய்க்கு லாட் என்னுடையதாகிறது. அதாவது நான் கொடுப்பது என் மதிப்பையல்ல; எனக்கு அடுத்தவரின் மதிப்போடு ஒரு படியைத்தான். எல்லோரும் மூடிய உறையில் விலை எழுதித் தந்து, அதிகம் எழுதியவர் இரண்டாமவரின் விலையைச் செலுத்தும் முறை அமைந்தால், தம் உண்மையான மதிப்பை ஒளிக்காமல் எழுதுவதே ஒவ்வொருவருக்கும் அனுகூலம் என்று 1961-இல் வில்லியம் விக்ரி என்னும் பொருளியல் அறிஞர் நிறுவினார். 1996-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைப்பதற்குக் காரணமான ஆராய்ச்சிகளில் அதுவும் ஒன்று. அவர் கண்ட தத்துவத்தின் நெருங்கிய உறவே நம் திரையிலுள்ள இந்தக் கட்டம்.

இதனால் விளையும் பெரிய பிரயோஜனம் பணமல்ல, நிதானம். கூடத்து ஏலத்தில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும்: எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவர் ஒரு படி ஏற நாம் ஒரு படி ஏற, பொருளின் மதிப்பு மறந்துபோய் மானத்தின் மதிப்பு மட்டுமே மிஞ்சும் ஒரு நிலை வரும், மறுநாள் கணக்குப் பார்க்கையில்தான் அந்த மானத்தின் விலை புலப்படும். இதற்கு நேர்மாறான கேடும் அங்கே உண்டு. வியாபாரிகள் முன்கூட்டியே சிண்டிகேட் கூடி, ஒருவரை மட்டும் கேட்கவிட்டு மற்றவர்கள் மௌனமாய் நின்று, பிறகு லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் விற்பவருக்கு நியாயமான விலை கிடைக்காமல் போகும். கேட்பவர் யாரென்று மற்றவருக்குத் தெரியாத இணைய ஏலத்தில் இவ்விரண்டுக்கும் இடம் வெகுவாகக் குறைகிறது. ஆயினும் கையாலேயே ஒவ்வொரு படியாக ஏற்றுபவருக்கு முகந்தெரியாத எதிராளியின்மீதும் ரோஷம் பிறக்கத்தான் செய்கிறது. காலையில் அமைதியாக உட்கார்ந்து தீர்மானித்த தொகையைக் கட்டத்தில் எழுதிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுபவருக்கு அந்த உபாதை இல்லை. சாயங்காலம் வந்து பார்க்கையில் லாட் கிடைத்திருந்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால், அதைவிட அதிகம் கொடுக்க நாம் விரும்பியிருக்கவே இல்லையாதலால் வருத்தத்துக்கும் காரணமில்லை.

கடைசி விநாடிவரை பதுங்கியிருந்து திடீரென்று பாய்வதே இணைய ஏலத்தின் சாமர்த்தியம் என்று கேள்விப்பட்டவர்கள் இங்கே ஆட்சேபிக்கக்கூடும். ஈபே போன்ற தளங்களில், குறித்த நேரத்தில் ஏலம் கண்டிப்பாக முடிந்துவிடுவதால், முடிவதற்குச் சில விநாடிகள் முன்பு நம் தொகையைச் செலுத்திவிடும் கிக்சன் போன்ற கருவிகளுக்கு நியாயமான உபயோகம் உண்டு. பிறர் யோசித்துப் பதில் சொல்ல அவகாசம் கொடாமல் முடித்துவிடலாம். ஆனால் நம் துறைமுகச் சரக்கு விலைபோகும் தளத்தில், முடிவதற்கு முந்திய சில நிமிஷங்களில் எவரேனும் கேட்டால் முடிவு நேரம் தானாகவே நீண்டுவிடுகிறது. ஆல்வின் ராத், ஆக்ஸல் ஆக்கன்ஃபெல்ஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 2002-இல் வெளியிட்ட கட்டுரையில், நேரம் நீளாத ஈபேயையும், பத்து நிமிஷ நீட்டிப்பு இருந்த அக்காலத்து அமேசான் ஏலத்தையும் ஒப்பிட்டு, பதுங்கல் முன்னதில் மலிந்தும் பின்னதில் அருகியும் இருப்பதைக் காட்டினார்கள். அனுபவம் ஏற ஏற ஈபேயில் அது அதிகரித்து அமேசானில் குறைந்தது என்பது அவர்கள் கண்ட இன்னும் சுவாரஸ்யமான விஷயம். ஆகையால், நேரம் நீளும் ஏலத்தில் விநாடியை எண்ணிக் காத்திருப்பது வீண். எனினும் ஏலம் திறந்தவுடனே உச்சவிலையை எழுதிவிடுவதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரு லாட்டில் ஆரம்பத்திலேயே விலை ஏறுவதைக் கண்டு, அதில் ஏதோ சரக்கு இருக்கிறதென்று எண்ணி, அதைப் பார்வையிடாதவர்கள்கூட வந்து சேர்வதுண்டு. கடைசி ஒரு மணி நேரத்துக்குள் எழுதுவது உத்தமம்.

ஆனால் எந்தக் கருவியும் செய்ய முடியாத காரியம் ஒன்று இருக்கிறது: பொருளைச் சரியாக மதிப்பிடுவது. அதை இந்தக் கடற்கரைக்கு எவரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. தூத்துக்குடியில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது விக்ரியின் கட்டுரை வெளிவந்த அதே 1961-இல்தான். சலாப காலங்களில் குளிகாரர்கள் மூழ்கி எடுத்துவந்த சிப்பிகள் கரையில் குவிக்கப்பட்டு, குளித்தவர்க்கு ஒரு பங்கு, அரசுக்கு இரு பங்கு என்று பிரிக்கப்பட்டு, அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று ஏலம் விடப்படும். சிப்பி திறக்கப்பட்டிருக்காது, உள்ளே ஆணிமுத்து இருக்கிறதா, மணல்போன்ற பொடிமுத்து இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்பது வாங்கி அழுகவிட்டுக் கழுவிய பிறகுதான் தெரியும். மாதிரிச் சிப்பிகளை முன்பே திறந்து மதிப்பிட்டுச் சொல்வதுண்டென்றாலும், அந்த மதிப்பிலிருந்து ஒவ்வொரு வியாபாரியும் ஒவ்வொரு அனுமானத்துக்கு வந்தான். எல்லோருக்கும் ஒரே மதிப்புள்ள பொருளைப் பலர் பலவாறு ஊகித்துக் கேட்கும்போது, ஏலத்தை வெல்பவன் அநேகமாக அளவுக்குமேல் ஊகித்தவனாகவே இருப்பான். மெக்ஸிக்கோ வளைகுடாவில் எண்ணெய்ப் பாத்தியதைகளை ஏலமெடுத்த கம்பெனிகள் எதிர்பார்த்த லாபம் காணாமல் போனதை ஆராய்ந்து, மூன்று எண்ணெய்த்துறைப் பொறியியலாளர்கள் 1971-இல் விளக்கியதும் இதையேதான். வென்றவரின் சாபம் என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

துறைமுக லாட்டும் திறவாத சிப்பியே. இறக்கிய 30 நாளைக்குள் விடுவிக்கப்படாத சரக்கை, உரியவருக்கு அறிவித்துச் சுங்க அனுமதியும் பெற்று விற்கலாமென்று 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி வருவதிலும், கழிக்கப்பட்ட தளவாடங்களிலும், இருக்கிற இடத்தில் இருக்கிறபடியே என்ற நிபந்தனை தவறாமல் உண்டு. ஆகவே பார்வையிட அனுமதித்த நாளில் நேரில் போய், இரும்போடு ஒட்டியிருக்கும் சிமென்ட் எவ்வளவு, எண்ணெய்க் கசடு எவ்வளவு, வெட்டாமல் லாரியில் ஏறுமா, கிரேன் வேண்டுமா என்று பாராமல் கட்டத்தில் தொகை எழுதுபவர், ஆட்டோ பிட்டின் துணையால் தம் தவற்றை இன்னும் சீக்கிரமாகச் செய்கிறார் என்பதற்குமேல் சொல்வதற்கில்லை. நான் கைக்கொள்ளும் முறை இது: விற்கப்போகும் விலையிலிருந்து தொடங்கி, கழிவு எடை, வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை, எடைமேடைச் செலவு, பணம் முடங்கும் நாட்களுக்கு வட்டி, குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் விழும் தரைவாடகை, நமக்கு நியாயமான லாபம் எல்லாவற்றையும் கழித்து, மிஞ்சுவதை மாத்திரம் உச்சவிலையாக எழுதுவது. பழைய இரும்புக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி, பதிவு பெற்ற வியாபாரிக்கு அது பிற்பாடு வரவாகக் கழியுமென்றாலும், முதலில் கைப்பணத்திலிருந்தே போகிறது. கேட்பது டன் கணக்கிலா லாட் கணக்கிலா என்று இருமுறை வாசிப்பதும் அவசியம்.

ஏல அறிவிப்புகளைத் திரட்டித் தருவதாகச் சொல்லும் தனியார் செயலி ஒன்றையும் இதனோடு சேர்த்து உபயோகித்துப் பார்த்தேன். எங்கே எப்போது ஏலம் என்று சொல்லும் மட்டில் அதனால் பயனிருந்தது. ஆனால் நம் தொகையை மற்றவர் தாண்டியவுடனே கைப்பேசியைச் சிவப்பாக ஒளிரச்செய்து, உடனே உயர்த்துங்கள் என்று திரும்பத் திரும்ப உந்திக்கொண்டிருந்த அதன் சுபாவம் எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. காலையில் கணக்கிட்டு வைத்த நிதானத்தைக் கலைப்பதற்கென்றே செய்த உபாயம் அது. ஏலக் கூடத்தின் ரோஷத்தை மறுபடியும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. அதை அகற்றிவிட்டேன். பழைய இரும்புத் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் இத்தகைய செயலிகளுக்குச் சந்தா கட்டுவதைக் காணும்போது மனம் வருந்துகிறது.

ஆட்டோ பிட்டிலும் குறையில்லாமலில்லை. விற்பவர் மனத்திலுள்ள குறைந்தபட்ச விலை பெரும்பாலும் வெளியே சொல்லப்படுவதில்லை. அதை எட்டாத உச்சக் கேள்வி விற்பவரின் ஒப்புதலுக்கு உட்பட்டதாக நிறுத்திவைக்கப்படுகிறது. ஒப்புதல் வரும்வரை வைப்புத்தொகை முடங்கிக் கிடப்பதால், சிறு வியாபாரி அடுத்த ஏலத்தில் கலந்துகொள்ள வழியில்லாமல் போகிறது. இந்தக் காத்திருப்புக்குத் தளம் உறுதியான எல்லையொன்று விதித்தால் பெரிய உபகாரமாகும். அதைவிடச் சுலபமாகச் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு: உச்சவிலையை எழுதும்போதே வரிகள் உள்பட மொத்தம் இவ்வளவு கட்டவேண்டியிருக்கும் என்பதைக் கட்டத்துக்குக் கீழேயே பெரிய எழுத்தில், எண்ணாலும் எழுத்தாலும் காட்டவேண்டும். ஒரு பூஜ்யம் கூடிப்போவதையும் அது அங்கேயே தடுத்துவிடும்.