மார்கழித் தட்டு

கொடுங்கையூர் என்று சொன்ன மாத்திரத்திலே சென்னைவாசிகள் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவ்வூரின் குப்பைக் கிடங்குதான் என்பதும், வடசென்னை வீதிகளில் கூட்டிப் பெருக்கப்படுவன பல பத்தாண்டுகளாக அங்கேதான் வந்து குவிகின்றன என்பதும் மறைக்க வேண்டிய சங்கதியல்ல. ஆயினும் மூலக்கடைச் சந்திப்பைக் கடந்து உள்ளே திரும்பி, முத்தமிழ் நகர், கண்ணதாசன் நகர் என்று வீட்டுவசதி வாரியம் வகுத்த தெருக்களில், மார்கழி பிறந்த சில தினங்களுக்குள் ஒரு மாலைப் பொழுது நடந்து செல்பவன், ஒரு ஜன்னலிலிருந்து ஏலக்காயும், அடுத்ததிலிருந்து தேங்காய்ப்பால் சேர்ந்த மாவு வேகும் மணமும், மற்றொன்றிலிருந்து கருக்கிய சீனியின் வாசனையும் புறப்பட்டு வருவதை ஒருமுறை அநுபவித்து விட்டானானால், இவ்வூரைப் பற்றி வேறோர் அபிப்பிராயம் கொள்ளாமல் இரான். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வீட்டார் தின்பதற்காக அல்ல, பிறருக்குக் கொடுப்பதற்காக அடுப்புகள் எரிந்துகொண்டிருக்கின்றன.

இந்தப் பலகாரக் கலை இங்கே வந்து சேர்ந்த வழி ஒன்றல்ல. 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுத் திசைக்குப் புறப்பட்டது. அதைத் தொடர்ந்து பெரம்பூரில் வளர்ந்த ரயில் பட்டறைகளை நம்பி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் நிலைகொண்டன. அவர்கள் சமையலறையிலிருந்து கல்கலும் ரோஸ் குக்கீஸும் பிளம் கேக்கும் சுவர் தாண்டிப் பரவின. படகோட்டிகள் தம் பொருளைக் கொண்டு எழுப்பிய ராயபுரம் இராயப்பர் ஆலயத்தைச் சுற்றி வாழ்ந்த கடற்கரைக் கத்தோலிக்கர்கள் அவற்றைத் தமதாக்கிக்கொண்டார்கள். பிற்காலத்தில் பிழைப்பைத் தேடித் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கங்களிலிருந்து வந்து கடை வைத்தவர்கள் முந்திரிக்கொத்தையும் அதிரசத்தையும் கொண்டு வந்தார்கள். துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் வீடு கட்டிக் குடியேறிய கொடுங்கையூரிலே இந்த மரபுகள் யாவும் ஒரே எவர்சில்வர் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டன. தட்டின் ஒரு பாதி ஐரோப்பாவையும் மறுபாதி தாமிரபரணிக் கரையையும் பூர்விகமாக உடையது என்பதைத் தின்பவர் யாரும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்த வேண்டியதும் இல்லை.

ஆனால் ரசிகன் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இவ்வளவு வேறுபட்ட இடங்களிலிருந்து வந்த பண்டங்கள் அனைத்துக்கும் பொதுவான குணம், அவை தாங்கும் என்பதே. அல்வாவும் பால்கோவாவும் எவ்வளவு சிலாக்கியமாக இருப்பினும் இத்தட்டில் அவற்றுக்கு இடமில்லை. வீட்டிலே செய்து பத்து வீட்டுக்கு அனுப்புகிறவள் ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து முடிக்க முடியாது; பெறுகிறவரும் அன்றே தின்று தீர்க்க வேண்டுமென்ற நிர்ப்பந்தத்துக்கு ஆளாகக் கூடாது. ஆகவே பரிசு என்பது காத்திருக்கக் கற்ற பொருளாக இருக்க வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஸ்டோலன் ரொட்டியும், நூரம்பர்க்கின் லெப்கூகனும், ஆங்கிலேயரின் பழக் கேக்கும் இதே விதிக்கு உட்பட்டு வாரக்கணக்கில் கெடாமல் இருப்பவைதாம். இன்னும் சற்றுத் துணிந்து சொன்னால், முதல் கிறிஸ்துமஸுக்குக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் எடுத்து வந்த பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும்கூட, நெடும் பிரயாணத்தில் கெட்டுப்போகாத சரக்குகளே அல்லவா!

இனிக் கல்கலைப் பார்ப்போம். மைதாவில் முட்டையும் சீனிப்பொடியும் சிறிது வெண்ணெயும் சேர்த்து, முதல் தேங்காய்ப்பாலைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்த மாவு, ஈரத்துணிக்கு அடியில் சற்று நேரம் ஓய்வெடுத்த பிறகு, கோலிக்குண்டு அளவில் உருட்டப்படுகிறது. புதிதாக வாங்கி இக்காரியத்துக்கென்றே ஒதுக்கி வைத்த சீப்பின் பல்வரிசையிலோ, முள்கரண்டியின் முதுகிலோ எண்ணெய் தடவி, அவ்வுருண்டையைக் கட்டைவிரலால் மெல்லிய தகடாக அழுத்தி, மேல் விளிம்பை நகத்தால் சற்றே தூக்கி, தன்னை நோக்கிச் சுருட்டிக்கொண்டு வரும்போது, வரிகள் விழுந்த சிறு சங்கு ஒன்று விரலடியிலே பிறக்கிறது. கடைசி விளிம்பை ஒட்டுவதில்தான் கைத்திறன் இருக்கிறது: அழுத்தம் போதாவிட்டால் எண்ணெயில் விழுந்ததும் சங்கு வாயைப் பிளந்துகொள்ளும்; அழுத்தம் மிகுந்தால் வரிகள் மறைந்து வெறும் உருண்டையாகிவிடும். இந்த வேலை தனியாளால் ஆகாது. பாயை விரித்துப் பாட்டி, மருமகள், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள், சில சமயம் பக்கத்து வீட்டுப் பெண் ஆகியோர் வட்டமாக அமர்ந்து, ஒருவர் கை மற்றவர் கையைப் பார்த்து வேகம் கொள்ளுகிற தொழில் இது. எந்தக் கல்கல் யார் கைப்பட்டது என்பதைத் தட்டில் வந்த பிறகும் சொல்லிவிடலாம். பிள்ளைகள் சுருட்டியது தடித்துக் குட்டையாக இருக்கும். பாட்டி சுருட்டியதில் வரிகள் முனைவரை ஓடும்.

பொரிப்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியே தீர வேண்டும். ஏனெனில் கல்கலின் ஆயுள் அங்கேதான் நிர்ணயமாகிறது. தீ ஓங்கினால் புறம் சிவந்து அகம் வேகாமல் நின்றுவிடும். அப்படிப்பட்டது அன்று மொறுமொறுவென்று இருந்து மூன்றாம் நாள் நமத்துப் போகும். நிதானமான தீயில், மாவிலுள்ள ஈரம் முழுவதும் குமிழிகளாக வெளியேறி, எண்ணெயின் சலசலப்பு அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அநுபவம் மிக்கவர்கள் கண்ணை விடக் காதையே நம்புகிறார்கள்: வேறொரு வேலையில் முதுகைத் திருப்பிக்கொண்டிருந்தாலும் ஓசை மாறியதும் ஜல்லிக்கரண்டி கைக்கு வந்துவிடும். பிறகு கெட்டிப் பாகில் போட்டுப் புரட்டப் புரட்ட, பாகு பூத்து ஒவ்வொரு சங்கின் மேலும் வெள்ளைப் போர்வையாகப் படிகிறது. அந்தச் சீனிப் போர்வை நாவின் சுகத்துக்கு மட்டுமல்ல, வடகிழக்குப் பருவமழை முழுதும் விட்டுப் போகாத சென்னையின் டிசம்பர்க் காற்றிலிருந்து காப்பதற்கும்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வடசென்னைத் தெருக்களில் தண்ணீரை நிறுத்திய காலத்தை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு, இவ்வூரில் மொறுமொறுப்பு என்பது எத்தகைய சாதனை என்று விளங்கும்.

அச்சு முறுக்கு, அதாவது ரோஸ் குக்கீஸ், கல்கலுக்கு நேர்மாறான சுபாவம் படைத்தது. நீண்ட காம்பில் பூவடிவ வார்ப்பைக் கொண்ட அச்சை முதலில் எண்ணெயிலேயே காயவைத்து, உடனே எடுத்து மாவுக் கரைசலில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். மேல்விளிம்பு வரை மாவு ஏறிவிட்டால் பூ அச்சை விட்டுக் கழலாமல் பிடிவாதம் பிடிக்கும். புது அச்சானால், அரிசி கழுவிய நீரில் ஊறவைத்து எண்ணெயில் பழக்கிய பிறகே சொன்னபடி கேட்கும். ஆகையால் பழைய அச்சுக்கு இங்கே மதிப்பு அதிகம், தாய் வீட்டிலிருந்து மகளுக்குச் சீதனத்தோடு போகிற அச்சுகளும் உண்டு. இதே அச்சு முறை ஸ்வீடன் தேசத்தில் ஸ்ட்ரூவர் என்றும், இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்யும் கொக்கிஸ் என்றும் விளங்குகிறது. கண்ணுக்கு இதைப் போல லாவண்யமான பலகாரம் வேறில்லை. ஆனால் தட்டிலுள்ள மற்றவற்றை விடத் தாங்கும் சக்தி இதற்குக் குறைவு. முந்திரிக்கொத்தோ அழகைப் பற்றிக் கவலையே படாதது. வறுத்த பாசிப்பயற்று மாவும் வெல்லப்பாகும் தேங்காயும் எள்ளும் சுக்கும் ஏலமும் கலந்து உருட்டி, மஞ்சள் சேர்த்த மாவில் தோய்த்து மூன்று மூன்றாகப் பொரித்தெடுத்தால், பொங்கல் வரை அசையாது.

கேக்கின் வரலாறு ஓரளவு பிரசித்தமானது. 1883இல் தலச்சேரியில் பிரவுன் என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளி, சீமையிலிருந்து வந்த கேக் ஒன்றைக் காட்டி அதைப் போலச் செய்து தரும்படி மாம்பள்ளி பாபு என்ற ரொட்டிக் கடைக்காரரைக் கேட்டுக்கொண்டதாகவும், இந்நாட்டின் முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுவே என்றும் சொல்லுவார்கள். கப்பலில் அத்தனை நாள் பயணம் செய்தும் மாதிரி காட்டும் நிலையில் அந்தக் கேக் இருந்ததே என்பதுதான் என் மனத்தைக் கவரும் அம்சம். வடசென்னையின் பழைய வீடுகளில் திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் இவற்றையெல்லாம் நறுக்கி ரம்மில் ஊறப்போட்ட ஜாடி அலமாரியின் மூலையில் மாதக்கணக்கில் இருக்கும். சீனியைக் கருக்கும் பதம்தான் கேக்கின் நிறத்தையும், மெல்லிய கசப்பையும் தீர்மானிக்கிறது. ஒரு கணம் முந்தினால் வெளிறும், ஒரு கணம் பிந்தினால் கைக்கும். கேக் சுடும் அடுப்பு இல்லாத வீட்டார், கலந்த மாவைத் தகர டின்களில் ஊற்றி, மேலே பெயரெழுதிய சீட்டை வைத்துத் தெருமுனை பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். பேக்கரிக்காரர் தம் வேலை முடிந்த சூட்டில் அவற்றை வைத்தெடுத்துத் தருவார். வீட்டுக்கு வீடு சிறு மின்னடுப்பு வந்த பிறகு இந்தப் பழக்கம் குறைந்தது; அதோடு, கொண்டுபோன டின்னுக்குப் பதில் வேறொருவர் டின் வந்துவிட்ட ருசிகரமான சச்சரவுகளும் போய்விட்டன.

கடையில் வாங்கும் பரிசு எவருக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகவே செய்யப்படுவது. வீட்டுத் தட்டோ பெறுபவரை அறிந்தே அடுக்கப்படுகிறது. இஸ்லாமியர் வீட்டுக்குப் போகும் கேக்கில் பழங்கள் ரம்மில் அல்லாமல் ஆரஞ்சு ரசத்தில் ஊறியிருக்கும். மாமிசமும் முட்டையும் தொடாத வீட்டுக்கு அச்சு முறுக்குத் தனி மாவில், புதிய எண்ணெயில், எல்லாவற்றுக்கும் முன்னதாகவே சுட்டு எடுத்து வைக்கப்படும். சர்க்கரை நோயுள்ள பெரியவர் இருக்கும் வீட்டுக்குப் பாகில் புரட்டாத உப்புக் கல்கல் ஒரு பொட்டலம் போகும். வாசலில் நின்று, “அக்கா, இதுல முட்டை போடல, தைரியமா சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டுகிற அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஆண்டு முழுவதும் பக்கத்து வீட்டைக் கவனித்து வந்த அக்கறை அடங்கியிருக்கிறது. தட்டின் மேல் குரோஷே ஊசியால் பின்னிய வெள்ளைத் துணி மூடியிருக்கும். தட்டு திரும்பி வரும்போது வெறுமையாக வராது. ஒரு பிடி சீனியாவது, இரண்டு வாழைப்பழமாவது இருக்கும். தீபாவளிக்கு அதிரசமும் ரமலானுக்கு நோன்புக் கஞ்சியும் இதே வாசல்களில் எதிர்த் திசையில் பிரயாணம் செய்தவைதாம்.

பலகாரம் செய்யத் தெரியாத பையன்களுக்கும் இந்தப் பரிசு வைபவத்தில் ஒரு துறை உண்டு. வடசென்னைப் பையன்கள் காத்தாடி கட்டுவதில் பேர்போனவர்கள். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலை நாம் யாரும் ஆதரிக்க முடியாது, கழுத்தறுத்த பாவம் அதற்கு உண்டு. ஆனால் மூங்கிலைச் சிம்பாகப் பிளந்து, கனம் சமமாகச் சீவி, மைதாப் பசையால் தாளை ஒட்டும் அந்த வித்தை வீணாவானேன்? அதே விரல்கள் டிசம்பரில் நட்சத்திரம் கட்டுகின்றன. ஐந்தைந்து சிம்புகளால் இரண்டு நட்சத்திரங்கள் கட்டி, முனைகளை ஒன்றோடொன்று பிணைத்து, உள்மூலைகளில் சாண் நீளக் குச்சிகளை முட்டுக் கொடுத்தால், தட்டையாக இருந்தது வயிறு புடைத்து எழுகிறது. வண்ணத்தாள் ஒட்டி உள்ளே ஒரு பல்பைத் தொங்கவிட்டு நண்பன் வீட்டு மாடியில் கட்டிவிட்டு வருகிறவர்களில், ஆலயத்துக்கே போகாத பையன்கள் எத்தனையோ பேர். பாரிமுனை ஆண்டர்சன் தெருவிலிருந்து தாள் வாங்கி வரும் செலவைத் தவிர வேறு செலவில்லை.

பாரிமுனை அங்காடிகளிலும் பெரிய கடைகளிலும் கண்ணாடித்தாள் சுற்றி, நாடா கட்டி, பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி விற்கும் பரிசுப் பொதிகளை நான் இகழவில்லை. நேரமில்லாதவர்களுக்கு அவை உதவி. எனினும் புத்தாண்டு கழிந்த வாரத்தில், அந்தக் கூடையும் நாடாவும் தாளும் லாரிகளில் ஏறி எந்த ஊருக்கு வருகின்றன என்பது கொடுங்கையூர்க்காரனுக்குத் தெரியும். அவன் வீட்டுத் தட்டில் வந்த பரிசு மிச்சமாக விட்டுச் செல்வது தட்டு ஒன்றே; அதுவும் உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

வாசகர்களில் யாருக்கேனும் இந்த ஆண்டு அத்தகைய தட்டு வந்தால், ஒரு முறையைக் கடைப்பிடிக்க வேண்டுகிறேன். அச்சு முறுக்கை முதலில் தின்றுவிடுங்கள், நெடுநாள் வைக்காதீர்கள். கேக்கை இரண்டு நாள் மூடி வைத்து மெல்லிய துண்டுகளாக அறுத்துக்கொள்ளுங்கள். கல்கலை இறுக்கமான டப்பாவில் போட்டுப் புத்தாண்டுக்கு அப்பால் ஒரு வாரம் கழித்து வாயில் இடுங்கள். அப்பொழுதும் பல்லுக்குச் சத்தம் கொடுத்தால், செய்தவரிடம் நேரில் போய் அதைச் சொல்லுங்கள். முந்திரிக்கொத்தைப் பற்றி அவசரமே வேண்டாம், பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.